இயந்திரம் வந்த பின் ஓய்ந்தவர் யார்? வேலைக்குப் பிந்தைய சமூகம், கொங்கு நாடு, சோதனைச் சினிமா

‘வேலைக்குப் பிந்தைய சமூகம்’ என்ற சொற்சேர்க்கை அண்மைக் காலமாகக் கல்லூரிக் கருத்தரங்குகளில் அடிக்கடி ஒலிக்கிறது. தானியங்கி இயந்திரங்களும் செயற்கை நுண்ணறிவும் மனித உழைப்பின் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டுவிட்டால், பிழைப்புக்காக உழைத்தே தீர வேண்டிய கட்டாயம் நீங்கிய சமூகம் எவ்வாறு அமையும் என்பதே அதன் மையக் கேள்வி. கேள்வி புதிதன்று. மார்க்சின் மருமகனான பால் லஃபார்க் 1880-இல் ‘சோம்பலுக்கான உரிமை’ என்ற நூலில் நாளொன்றுக்கு மூன்று மணி நேர வேலை போதும் என்று வாதிட்டார். பொருளியல் அறிஞர் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ் 1930-இல் எழுதிய கட்டுரையில், நூறாண்டுகளுக்குள் வாரத்துக்குப் பதினைந்து மணி நேர உழைப்பே மனிதருக்குத் தேவைப்படும் என்று கணித்தார். அவர் குறித்த கெடு 2030. இன்னும் சில ஆண்டுகளே மீதம் இருக்கின்றன.

இருவருமே வேலையை மணிக்கணக்கில் அளந்தார்கள். எவர், எந்த வேலையை, எதனால் செய்ய நேர்ந்தது என்பது அவர்களுடைய கணக்கில் இல்லை. ஐரோப்பியத் தொழிற்சாலையை மனத்தில் வைத்து எழுதியவர்களுக்கு அது தேவைப்படாமல் இருந்திருக்கலாம். நமக்கு அப்படி அன்று. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமன்று, வேலை செய்வோரையே பிரித்து ஒருவர் மேல் ஒருவராக அடுக்கும் ஏற்பாடு என்று அண்ணல் அம்பேத்கர் 1936-இல் ‘சாதி ஒழிப்பு’ உரையில் நிறுவினார். அந்த அடுக்கில் இயந்திரம் வந்து விழும்போது என்ன நிகழும்? எந்தப் படியில் உள்ளவருக்கு ஓய்வு கிடைக்கும், எந்தப் படியில் உள்ளவர் பட்டினி கிடப்பார்? சத்தியமங்கலத்தையும் அதைச் சுற்றிய கொங்கு வட்டாரத்தையும் முன்வைத்து, இக்கேள்வியைச் சினிமாவின் வழியே அணுகிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஈரோட்டிலிருந்து ஒரு கனவு

வேலைக்குப் பிந்தைய சமூகம் குறித்த தமிழின் முதன்மையான கற்பனை மேற்கிலிருந்து இறக்குமதியானதன்று. சத்தியமங்கலம் இன்று அடங்கியிருக்கும் மாவட்டத்தின் தலைநகரில் பிறந்தவர் எழுதியது அது. பெரியாரின் ‘இனிவரும் உலகம்’ 1940-களின் முற்பகுதியில் வெளிவந்தது. கையடக்கக் கம்பியில்லாத் தொலைபேசியையும் சோதனைக்குழாய்க் குழந்தையையும் முன்கூட்டியே சொன்ன நூல் என்ற அளவில் அதைப் பள்ளி விழா மேடைகளில் கொண்டாடி நிறுத்திக்கொள்கிறோம். அந்நூலின் முதுகெலும்பு வேறிடத்தில் இருக்கிறது. மனிதர் நாளின் பெரும்பகுதியை வயிற்றுப்பாட்டுக்காகச் செலவிட வேண்டியதில்லை, உடலை வருத்துவதும் இழிவெனக் கருதப்படுவதுமான வேலைகளை இயந்திரங்கள் ஏற்கும், ஆண்டான் அடிமை என்ற பிரிவு பொருளிழந்து போகும் என்பதே அதன் வாதம். ‘எல்லாருக்கும் வசதி வந்துவிட்டால் இழிந்த வேலைகளை யார் செய்வது?’ என்ற கேள்வியை நேருக்கு நேர் எதிர்கொண்ட எதிர்காலக் கற்பனைகள் உலக அளவிலேயே மிகச் சில. பெரியார் அதைத் தவிர்க்கவில்லை. சாதியச் சமூகத்தில் எதிர்காலம் பற்றிய முதல் கேள்வியே அதுதான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஏறத்தாழ அதே காலத்தில், 1945-இல், ‘தீண்டப்படாதோருக்குக் காங்கிரசும் காந்தியும் செய்தது என்ன?’ என்ற நூலில் அம்பேத்கர் இதே இடத்துக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தார். இயந்திரங்களே தீமையின் ஊற்று என்ற காந்தியப் பார்வையை அவர் மறுத்தார். தீமை இயந்திரத்தில் இல்லை, அதன் பயனைச் சிலருடைய தனியுடைமை ஆக்கிவைத்திருக்கும் சமூக ஒழுங்கில் இருக்கிறது என்றார். மனிதரை விலங்கிலிருந்து வேறுபடுத்துவது பண்பாடு, பண்பாட்டுக்கு ஓய்வு வேண்டும், ஓய்வை எல்லாருக்கும் தரக்கூடியது இயந்திரம் மட்டுமே என்பது அவருடைய வாதத்தின் சாரம். ஓய்வு என்பது இந்நாட்டில் நூற்றாண்டுகளாக ஒரு சில சாதிகளின் சொத்தாக இருந்தது என்பதை நினைவில் கொண்டால், இவ்வாதத்தின் கூர்மை புரியும். இராட்டையைச் சுற்றச் சொன்னவர்கள் ஏற்கெனவே ஓய்ந்திருந்தவர்கள்.

ஆகவே, தானியங்கித் தொழில்நுட்பத்தைக் கண்டு அஞ்சுவது தலித் அரசியலின் மரபன்று. நம் மரபு இயந்திரத்தை வரவேற்றது. கூடவே, அது யாருடையது என்றும் கேட்டது.

கவலை நின்ற கதை

கொங்கு நாட்டில் இயந்திரம் மனித வேலையை விழுங்கிய வரலாறு கணினியோடு தொடங்கவில்லை. கிணற்றடியில் தொடங்கியது.

ஆழக் கிணறுகளை நம்பிய இவ்வட்டாரத்து வேளாண்மை, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கவலை ஏற்றத்தால் நடந்தது. மாடுகள் சரிவில் இறங்கும்போது கயிறு இழுபட்டு, தோலால் தைத்த வாலையுடைய சால் கிணற்றிலிருந்து மேலேறி வாய்க்காலில் நீரைக் கொட்டும். அத்தோலைப் பதப்படுத்தியவர்கள், தைத்தவர்கள், கிழிந்தபோதெல்லாம் செப்பனிட்டவர்கள் அருந்ததியர். அதற்கு ஈடாக அவர்களுக்கு அறுவடைக் காலத்தில் தானியம் அளக்கப்பட்டது. கவலை ஓட்டியவர்களிலும் பலர் அச்சாதியைச் சேர்ந்த பண்ணையாட்களே. தோலைத் தொட்டதால் அவர்களைத் தீண்டத்தகாதவர் என்றது ஊர். அவர்கள் தைத்த தோலின் வழியாக ஏறிய நீரில் விளைந்ததை உண்டது. இம்முரண்பாட்டைக் குறித்து ஊருக்கு எவ்விதச் சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை.

பைக்காரா நீர்மின் திட்டம் 1930-களின் தொடக்கத்தில் மின்சாரம் வழங்கத் தொடங்கியது. கோவையின் பஞ்சாலைகள் பெருகியதற்கு அது முக்கியக் காரணம் என்பது பாடநூல்களில் உள்ள செய்தி. அதே மின்சாரம் படிப்படியாகக் கிணறுகளுக்கும் வந்து மின்மோட்டாரை ஓட்டியது பாடநூல்களில் குறைவாகவே பேசப்படும் செய்தி. 1955-இல் பவானிசாகர் அணை கட்டி முடிக்கப்பட்டு, சத்தியமங்கலத்துக்குக் கீழே கீழ்பவானி வாய்க்கால் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்கு நீர் கொண்டு சென்றது. அடுத்த சில பத்தாண்டுகளுக்குள் கவலை ஏற்றம் அருங்காட்சியகப் பொருளாகிவிட்டது. தோல் தைக்கும் தொழிலும் அதனுடன் போயிற்று.

இது தானியங்கித் தொழில்நுட்பம் ஒரு முழு வேலையையே இல்லாமலாக்கிய நிகழ்வு. ‘வேலைக்குப் பிந்தைய’ கோட்பாட்டின்படி, கவலையோடு கட்டுண்டு கிடந்தவர் விடுதலை பெற்றிருக்க வேண்டும். நடந்தது அதுவன்று. மோட்டார் நிலவுடைமையாளருடையது. மோட்டார் மிச்சப்படுத்திய நேரமும் அவருடையதே. கரும்பும் வாழையும் மஞ்சளும் என நீர் மிகுதியாகக் குடிக்கும் பணப்பயிர்கள் பெருகின. அவற்றின் இலாபத்தில் ஒரு பகுதி விசைத்தறிக்கும் பின்னலாடைக்கும் அரிசி ஆலைக்கும் முதலீடாயிற்று. தோல் தொழிலை இழந்தவருக்கு மிஞ்சியது பண்ணையாள் நிலையும் தினக்கூலியும் மட்டுமே. தோலைத் தொட்டதால் வந்ததாகச் சொல்லப்பட்ட தீண்டாமை, தோல் போன பிறகும் போகவில்லை. தேநீர்க் கடையின் தனிக்குவளைக்குக் கவலை நின்றுபோன செய்தி எட்டவே இல்லை.

இதில் அரசின் பங்கையும் சொல்லியாக வேண்டும். மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் கொங்கு விவசாயிகள் நடத்திய போராட்டங்கள் புகழ்பெற்றவை. 1970-இல் பெருமாநல்லூரில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் உயிரிழந்தார்கள். அத்தியாகத்தைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. 1990 முதல் தமிழ்நாட்டில் வேளாண் பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் இலவசம். அதாவது, இயந்திரம் வைத்திருப்பவருக்கு அதை இயக்கும் ஆற்றலைப் பொதுப்பணத்திலிருந்து கொடுக்க அரசால் முடிந்தது. அந்த இயந்திரத்தால் தொழில் இழந்த சாதிக்கு மறுவாழ்வு என்ற பேச்சே எந்தக் கட்டத்திலும் எழவில்லை. சட்டக் கல்வியில் ‘இழப்பீடு’ என்ற சொல்லைப் பலமுறை படித்தவன் என்ற முறையில் எனக்கு இது இன்றும் வியப்பளிக்கிறது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமே 1976-இல்தான் வந்தது. அதற்குள் மோட்டார் ஒரு தலைமுறைக் காலம் ஓடி முடித்திருந்தது.

பண்ணையத்தில் கட்டுண்ட அருந்ததியச் சிறுவர்களின் உலகைப் பெருமாள்முருகன் ‘கூளமாதாரி’ நாவலில் (2000) எழுதினார். கவலையின் மறைவைச் சொல்லும் திரைப்படம் எதுவும் நம்மிடம் இல்லை.

ஆலைவாசலில்

பஞ்சாலையில் கதை வேறு வேகத்தில் நடந்தது. நூல் முடிச்சிடவும், நிறைந்த கண்டுகளைக் கழற்றி வெற்றுக் கண்டுகளை மாட்டவும் ஆட்கள் தேவைப்பட்ட இடங்களில் தானியங்கிப் பொறிகள் வந்தன. ஆள்குறைப்பு ஒரு பக்கம். மறுபக்கம், எஞ்சிய வேலைகளுக்கு நிரந்தரத் தொழிலாளருக்குப் பதிலாக, திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி அழைத்துவரப்பட்டு விடுதிகளில் தங்கவைக்கப்பட்ட இளம்பெண்கள். சுமங்கலித் திட்டம் என்று பெயர் பெற்ற அம்முறையில் சேர்க்கப்பட்டவர்களில் பெரும்பகுதியினர் தலித் மற்றும் பிற்படுத்தப்பட்ட ஏழைக் குடும்பப் பெண்கள்.

சட்டம் இவ்விடத்தில் முற்றிலும் ஊமையாக இல்லை. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தின் 9அ பிரிவும் நான்காம் அட்டவணையும், ஆட்குறைப்புக்கு இட்டுச்செல்லக்கூடிய இயந்திர மேம்பாட்டைச் செய்யுமுன் தொழிலாளருக்கு 21 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்றன. 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பிலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. தானியங்கித் தொழில்நுட்பம் குறித்த நம் சட்டத்தின் மொத்தக் கற்பனை ஏறத்தாழ இந்த 21 நாட்கள்தாம். முன்னறிவிப்புப் பெறும் தகுதி ‘தொழிலாளர்’ என்ற வரையறைக்குள் வருபவருக்கு மட்டுமே. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் 18-ஆம் பிரிவில், பழகுநர் பயிற்சி பெறுபவரே அன்றித் தொழிலாளர் அல்லர் என்கிறது. விடுதியில் அடைபட்டு மூன்றாண்டு நூல் நூற்ற பெண்ணைப் பழகுநர் என்று பதிவேட்டில் எழுதிவிட்டால் போதும். இயந்திரம் வந்து அவள் வெளியே அனுப்பப்படும் நாளில், சட்டத்தின் பார்வையில் வேலை இழந்தவர் யாருமே இல்லை.

கேமரா எங்கே நிற்கிறது

இனி சினிமா. எதிர்காலச் சமூகத்தைக் காட்டும் படம் என்றால் நாம் விண்கலத்தையும் எந்திரனையும் எதிர்பார்க்கிறோம். அவ்வகைப் படங்கள் வேலையைப் பற்றிச் சொல்வது சொற்பம். வேலையின் முடிவைக் கற்பனை செய்ய, வேலை என்றால் என்ன என்பதை முதலில் உற்றுப் பார்க்க வேண்டும். அந்த உழைப்பைச் செய்தவை கதையை நம்பாத சோதனைப் படங்களே.

சினிமாவின் தொடக்கமே ஒரு தொழிற்சாலைக் கதவு. லூமியர் சகோதரர்கள் 1895-இல் தம் ஆலையிலிருந்து தொழிலாளர் வெளியேறுவதைப் படமாக்கினார்கள். ஒரு நிமிடத்துக்கும் குறைவான துண்டு. நூறாண்டுக்குப் பின், 1995-இல், ஜெர்மானிய இயக்குநர் ஹாருன் ஃபரோக்கி உலகெங்குமுள்ள படங்களிலிருந்து தொழிலாளர் ஆலையை விட்டு வெளிவரும் காட்சிகளைத் திரட்டி, ‘தொழிலாளர் ஆலையை விட்டு வெளியேறுகிறார்கள்’ என்ற கட்டுரைப் படத்தை உருவாக்கினார். அவருடைய கண்டுபிடிப்பு எளிமையானது: சினிமா பெரும்பாலும் தொழிற்சாலைக்குள் செல்வதில்லை. வேலை முடிந்த பிறகே கதை தொடங்குகிறது. காதல், சண்டை, குற்றம் எல்லாம் வாசலுக்கு இந்தப் பக்கம். அந்த வகையில், வெகுசன சினிமா எப்போதுமே ‘வேலைக்குப் பிந்தைய’ சினிமாதான். வேலையைக் காட்டாமல் மறைத்து அந்த நிலையை எட்டியிருக்கிறது.

மாறாக, சீகா வெர்தோவ் 1929-இல் எடுத்த ‘திரைப்படக் கருவியுடன் ஒரு மனிதன்’ இயந்திரத்தையும் மனிதக் கையையும் ஒரே தாளத்தில் இணைத்துக் கொண்டாடியது. அதில் படத்தொகுப்பாளர் எலிசவேத்தா ஸ்விலோவா படச்சுருளை வெட்டி ஒட்டுவதும் காட்டப்படுகிறது. படம் எடுப்பதும் வேலையே என்று அப்படம் ஒப்புக்கொள்கிறது. இயந்திரம் உழைப்பவருடையதாகிவிட்டால் உழைப்பே விளையாட்டாகும் என்ற அந்நாளைய நம்பிக்கை அதன் ஒவ்வொரு சட்டகத்திலும் துள்ளுகிறது. அந்நம்பிக்கை பின்னர் என்னவாயிற்று என்பது வேறு கதை.

கொங்கு வாசகருக்கு இன்னும் நெருக்கமானது ராகுல் ஜெயினின் ‘மெஷின்ஸ்’ (2016). குஜராத்தின் ஒரு துணி ஆலைக்குள் கேமரா நீண்ட நேரம் நடக்கிறது. சாயத்தொட்டி, நீராவி, இயந்திரத்தின் அருகில் நின்றபடியே தூக்கத்தில் கண் சொருகும் ஒரு சிறுவன். விளக்கவுரை இல்லை. திருப்பூரையோ பெருந்துறையையோ அறிந்தவருக்கு அது வேற்று மாநிலமாகத் தோன்றாது. படத்தின் பிற்பகுதியில் தொழிலாளர் சிலர் இயக்குநரை நோக்கித் திரும்பி, வந்தீர்கள், கேட்டீர்கள், போய்விடுவீர்கள், எங்களுக்கு என்ன ஆகும் என்ற பொருள்பட வினவுகிறார்கள். அதைப் படத்திலிருந்து வெட்டாமல் வைத்ததுதான் அவருடைய நேர்மை. ‘மெஷின்ஸ்’ அழகாக இருக்கிறது என்பதே அதன் மீது எனக்குள்ள மனக்குறை. வியர்வையில் ஒளி விழும்போது பார்வையாளர் ஒளியைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்.

ஷாந்தால் ஆக்கர்மனின் ‘ஜான் டீல்மான்’ (1975) வேறொரு வாசலைத் திறக்கிறது. மூன்று மணி நேரத்துக்கும் மேல், ஒரு பெண் உருளைக்கிழங்கு தோலுரிப்பதையும் பாத்திரம் கழுவுவதையும் அவ்வேலைகளுக்கு ஆகும் முழு நேரத்தோடு காட்டுகிறது. எந்தத் தானியங்கியும் முழுமையாக ஏற்க முன்வராத வேலை அது. வேலைக்குப் பிந்தைய சமூகத்தைப் பற்றி எழுதும் ஆண்கள் இப்படத்தைப் பார்த்துவிட்டு எழுதத் தொடங்கலாம்.

பீயும் கக்கூசும்

தமிழில் இக்கேள்வியின் அடிவயிற்றைத் தொட்ட படங்கள் இரண்டு. இரண்டும் மதுரையோடு தொடர்புடையவை, இரண்டும் ஆவணப்படங்கள்.

அமுதன் ஆர்.பி. 2003-இல் எடுத்த ‘பீ’ அரை மணி நேரத்துக்கும் குறைவானது. மதுரையில் ஒரு தெருவில் மலத்தைக் கூட்டி அள்ளும் தூய்மைப் பணியாளரான தலித் பெண்ணை அது பின்தொடர்கிறது. அவர் வேலை செய்கிறார், கேமரா கூடவே நடக்கிறது, அவ்வளவே. முகத்தைத் திருப்பிக்கொள்ளும் உரிமை பார்வையாளருக்கு மறுக்கப்படுகிறது. காலத்தைச் சுருக்காமல் காட்டுவது சோதனைச் சினிமாவின் பழைய உத்தி. ஆக்கர்மன் அதைச் சமையலறைக்குப் பயன்படுத்தினார், அமுதன் தெருவுக்குக் கொண்டுவந்தார். ஒரு முறை அள்ளினால் செய்தி. இருபது முறை அள்ளுவதைப் பார்த்தால், இதற்கு இன்னும் ஏன் இயந்திரம் வரவில்லை என்ற கேள்வி தானாக எழும். நிலவுக்குக் கலம் அனுப்பும் நாட்டில் என்று அடுக்குமொழி பேசத் தேவையே இருக்காது.

திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ (2017) நடையில் அதற்கு நேர்மாறானது. ஊர் ஊராகச் சென்று, மலக்குழியிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறந்தவர்களின் குடும்பங்களையும், வெறுங்கையால் அள்ளுபவர்களையும், பொறுப்பை மறுக்கும் அமைப்பையும் அடுக்கிக்கொண்டே போகிறது. அதன் நீளமும் திரும்பத் திரும்ப வரும் ஒரே வகை மரணமும் சிலருக்குக் குறையாகப் பட்டன. என் பார்வையில் அதுவே அதன் வடிவம்: வழக்கில் சான்றாவணங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் குறியிடுவது போன்றது. பல ஊர்களில் அதன் திரையிடலைக் காவல்துறை தடுத்தது. இயக்குநர் படத்தை யூடியூபில் வெளியிட்டார். 2017 ஜூலையில், மாணவப் பருவத்தில் கலந்துகொண்ட 2009-ஆம் ஆண்டுப் போராட்டம் ஒன்றின் வழக்கில் அவர் கைது செய்யப்பட்டார். இல்லாத ஒரு வேலையைப் பற்றிய படத்துக்கு இவ்வளவு அச்சம் எதற்கு? ஏனெனில் சட்டப்படி அவ்வேலை இல்லை.

1993-இல் ஒரு சட்டம், 2013-இல் அதைவிட விரிவான மற்றொரு சட்டம். பின்னதன் 7-ஆம் பிரிவு, கழிவுநீர்க் குழாய்களையும் மலத்தொட்டிகளையும் ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய ஆட்களை ஈடுபடுத்துவதைத் தடை செய்கிறது. 33-ஆம் பிரிவு அதைவிடச் சுவையானது. அப்பணிகளுக்கு நவீனத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவது உள்ளாட்சி அமைப்புகளின் கடமை என்கிறது. அதாவது, குறிப்பிட்ட ஒரு வேலையிலிருந்து மனிதரை அகற்றி இயந்திரத்தை அமர்த்துமாறு இந்தியச் சட்டமே ஆணையிடும் அரிய இடம் இது. பெரியார் கேட்டதைப் பாராளுமன்றம் ஏழு பத்தாண்டு தாமதமாக இயற்றியது எனலாம்.

இயந்திரமும் இருக்கிறது. கேரளத்தின் ஜென்ரோபோட்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய ‘பாண்டிகூட்’ என்னும் எந்திரன் 2018 முதல் ஆள்நுழைவுக் குழிகளில் இறங்கி மண்ணையும் கசடையும் அள்ளுகிறது. தமிழ்நாட்டில் கும்பகோணம் அதை முன்னரே வாங்கிய நகரங்களுள் ஒன்று. உறிஞ்சு ஊர்திகளும் அழுத்தநீர் ஊர்திகளும் அதற்கு முன்பே வந்துவிட்டன. ஆனாலும் மரணங்கள் நிற்கவில்லை. 2014 மார்ச் 27-ஆம் நாள் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு மரணத்துக்கும் பத்து லட்ச ரூபாய் இழப்பீடு என்றது. 2023 அக்டோபர் 20-ஆம் நாள் பல்ராம் சிங் வழக்கில் அத்தொகை முப்பது லட்சமாயிற்று. தொகை உயர்ந்ததை வரவேற்கிறோம். ஆனால் அது உயர்த்தப்பட வேண்டியிருந்தது என்பதே, ஒன்பதாண்டுகளாகக் குழிகளில் மனிதர் இறங்கிக்கொண்டே இருந்தார்கள் என்பதற்கு அத்தாட்சி.

தானியங்கிக் கோட்பாட்டாளர்கள் இவ்விடத்தில் நின்று யோசிக்க வேண்டும். அவர்களுடைய கணிப்புப்படி, அருவருப்பானதும் ஆபத்தானதுமான வேலைகளையே இயந்திரம் முதலில் ஏற்க வேண்டும். கொங்கு நாட்டில் நூல் முடிச்சிடுவதற்கு இயந்திரம் வந்தது, துணி வெட்டுவதற்கு வந்தது, வங்கியில் பணம் எண்ணுவதற்கு வந்தது. மலக்குழிக்குத்தான் கடைசியில் வருகிறது, வந்தாலும் கொட்டகையில் நிற்கிறது. இயந்திரத்தை இயக்கும் செலவைவிட ஒருவரை இறக்கும் கூலி குறைவாக இருக்கும் வரை அது அங்கேயே நிற்கும். அந்தக் கூலியைக் குறைவாக வைத்திருப்பது சந்தையன்று, சாதி.

இன்னொரு கண்ணியையும் கவனிக்க வேண்டும. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறை விளக்கம், அரசு அறிவிக்கும் கருவிகளுடனும் பாதுகாப்புச் சாதனங்களுடனும் மலம் அகற்றுபவர் ‘கையால் மலம் அள்ளுபவர்’ ஆகமாட்டார் என்கிறது. கையுறையைக் கொடுத்தவுடன் அவர் கணக்கெடுப்பிலிருந்து மறைகிறார், மறுவாழ்வு உரிமையும் மறைகிறது. அவர் அதே தெருவில், அதே சாதியினராக, அதே வேலையைத் தொடர்கிறார். பழகுநர் என்ற சொல் ஆலையில் செய்ததைக் கையுறை இங்கே செய்கிறது.

நிரந்தரம் வேண்டுமா, வெளியேற்றம் வேண்டுமா

2025 ஆகஸ்டில் சென்னையின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், தம் பணி தனியாரிடம் ஒப்படைக்கப்படுவதை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் பதின்மூன்று நாட்கள் அமர்ந்தார்கள். நள்ளிரவில் காவல்துறை அவர்களை அகற்றியது. அப்போது தலித் அரசியலுக்குள்ளேயே ஒரு விவாதம் எழுந்தது. பணி நிரந்தரம் கேட்பது குப்பை அள்ளும் வேலையையே அச்சாதியினருக்கு நிரந்தரமாக்குவதாகாதா என்றனர் ஒரு சாரார். இன்றைக்கு அடுப்பெரிவது அவ்வேலையால்தான், அதை இழந்தவருக்கு யார் வேலை தருவார் என்றனர் மறு சாரார்.

முதல் வாதம் கோட்பாட்டளவில் சரி. ஆனால் அது தவறான முகவரிக்கு எழுதப்பட்ட கடிதம். இழிவை ஒழிக்க வேண்டிய கடமை அரசுக்கும் ஊருக்கும் உரியது. கூலியைக் கேட்டு வந்தவரிடம் அதைச் சுமத்துவது முறையன்று. நிரந்தரப் பணி என்றால் ஓய்வூதியம், மருத்துவ விடுப்பு, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம். அடுத்த தலைமுறை அவ்வேலையை விட்டு வெளியேறுவதற்கான படிக்கட்டு அதுவே. 2009-ஆம் ஆண்டுச் சட்டம் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு தந்தது. 2024 ஆகஸ்ட் 1-ஆம் நாள் தவிந்தர் சிங் வழக்கின் தீர்ப்பில் ஏழு நீதிபதிகள் அமர்வு உட்பிரிவு செய்யும் மாநிலங்களின் அதிகாரத்தை உறுதி செய்தது. ஒதுக்கீட்டுக்கான அரசுப் பணிகளே ஒப்பந்தத்தில் கரையும்போது, அந்த 3 விழுக்காடு எதன் மீதான 3 விழுக்காடு?

வேலைக்குப் பிந்தைய சமூகத்தின் விதையை நான் வேறிடத்தில் காண்கிறேன். 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், தோட்டத்துக் கூலி வேலைக்கு வர மறுக்கும் வலிமையைக் கொங்கு நாட்டுத் தலித் பெண்களுக்குத் தந்தது. ‘நூறு நாள் வேலையால் ஆள் கிடைப்பதில்லை’ என்று நிலவுடைமையாளர் புலம்பிய புலம்பலே அதற்குச் சான்று. 2023 செப்டம்பர் 15 முதல் வழங்கப்படும் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகையும் அவ்வகையில் ஒரு சிறு அடி. ஊதியமற்ற வீட்டு உழைப்புக்கான அங்கீகாரம் என்று அரசே அதை விளக்கியது. தொகை போதாது என்பது உண்மை. ஆனால் ‘உரிமை’ என்ற சொல் அரசாணையில் ஏறியிருப்பது வழக்கறிஞர்களுக்கு உதவக்கூடியது. வேலையிலிருந்து விடுதலை என்பது வேலையே இல்லாமல் கிடப்பதன்று. இழிவான வேலைக்கு ‘வரமாட்டேன்’ என்று சொல்லிவிட்டு மறுநாள் காலையிலும் சோறு உண்ண முடிவதே அது.

எடுக்கப்பட வேண்டிய ஒரு படம்

சத்தியமங்கலத்தில் அதிகாலை மல்லிகை பறிக்கும் கைகளுக்கு இன்னும் இயந்திரம் இல்லை. கரும்புக்கு அறுவடை இயந்திரம் இருக்கிறது. இரண்டும் பக்கத்துப் பக்கத்து வயல்கள். இவற்றுக்கு நடுவே கைவிடப்பட்ட ஒரு பழைய கிணற்றையும், மாடுகள் இறங்கி ஏறிய சரிவின் தடத்தையும் காண முடியும். வசனமோ கதாநாயகனோ தேவைப்படாத ஒரு படத்துக்குரிய காட்சிகள் இவை.

ஒலித்தடத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தம் நகராட்சிக்கும் பேரூராட்சிக்கும் பத்து ரூபாய்க் கட்டணத்தில் மாணவர்கள் விண்ணப்பம் அனுப்பலாம். 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33-ஆம் பிரிவின்படி எத்தனை இயந்திரங்கள் வாங்கப்பட்டன, அவை கடந்த ஓராண்டில் எத்தனை நாட்கள் இயங்கின, இயக்குபவர் நிரந்தரப் பணியாளரா ஒப்பந்தப் பணியாளரா, பழுது பார்ப்புக்கு எவ்வளவு செலவானது, அதே காலத்தில் தனியார் மலத்தொட்டிகளைச் சுத்தம் செய்ய உரிமம் பெற்றவர் எத்தனை பேர் என்று கேட்கலாம். முப்பது நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வரும் பதில்களை ஒரு சொல்லும் மாற்றாமல், அக்கிணற்றின் காட்சிக்கு மேல், ஊரிலுள்ள ஒரு தூய்மைப் பணியாளரின் குரலில் வாசிக்கச் செய்யலாம், அவருக்குரிய ஊதியத்தைக் கொடுத்து. பதில் வராத கேள்விகளுக்கு அந்த அளவு நேரம் திரை ஒலியின்றி இருக்கட்டும்.